மண்ணுக்குள்ளே ஓர் ஊர்

கிணறு வெட்டும் வேலை நடக்கிறது. ஐந்தாறு அடி ஆழம் போயாகிவிட்டது. மேலே இரண்டு பேர் கூடையில் மண் இழுக்கிறார்கள். உள்ளே ஒருவர் குனிந்து வெட்டுகிறார். திடீரென்று ஒரு சத்தம். மண்வெட்டி எதன் மேலோ மோதுகிறது.

"என்ன அண்ணே, பாறையா?"

"பாறை இல்லடா தம்பி. வட்டமா வாய் தெரியுது. ஏதோ பெரிய பானை!"

செய்தி ஊருக்குள் ஓடுகிறது. கூட்டம் சேருகிறது. புதையல் என்று ஒருவர் சொல்கிறார். பூதம் காக்கும் பானை, தொடாதே என்று ஒரு பாட்டி சொல்கிறார். இருட்டுவதற்குள் பானையை உடைத்துவிடுகிறார்கள். உள்ளே பொன் இல்லை. சில எலும்புகள், இரண்டு சின்னக் கலயங்கள், கருகிய தானியம் கொஞ்சம், மற்றபடி மண். "சே, இவ்வளவுதானா!" என்று எல்லோரும் கலைந்து போகிறார்கள். எலும்பும் ஓடும் கரையில் கொட்டிய மண்ணோடு போய்விடுகின்றன.

இப்படி நம் நாட்டில் எத்தனையோ ஊர்களில் நடந்திருக்கிறது. அந்தப் பானையில் பொன் இல்லை என்பது உண்மை. ஆனால் செய்தி இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருவதற்கு முன்பே அது அழிந்துவிட்டது.

ரயில் பாதைக்குப் போன நகரம்

கிராமத்து மக்கள் மட்டும்தான் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். படித்தவர்களும் செய்தார்கள். 1850களில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில் பாதை போடும் வேலை நடந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்ட ஜல்லி வேண்டும். பக்கத்தில் ஹரப்பா என்ற ஊரில் பெரிய மண்மேடுகள் இருந்தன. தோண்டினால் நன்றாகச் சுட்ட செங்கல் வண்டி வண்டியாகக் கிடைத்தது. ஒப்பந்தக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சுமார் 160 கிலோமீட்டர் நீளப் பாதைக்கு அந்தச் செங்கல் போதுமானதாக இருந்தது.

அந்தச் செங்கல்லின் வயது 4,000 ஆண்டுக்கும் மேல்! அது அப்போது யாருக்கும் தெரியாது. 1861இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை தொடங்கியது. அதன் முதல் தலைவர் அலெக்சாண்டர் கன்னிங்காம். அவர் ஹரப்பாவுக்கு நேரிலேயே போனார். எழுத்துப் பொறித்த ஒரு முத்திரைக் கல்லும் அவர் கைக்குக் கிடைத்தது. அவ்வளவு பெரிய அறிஞர் அதைப் பார்த்துவிட்டு, இது இந்தியாவைச் சேர்ந்தது அல்ல, வெளிநாட்டுச் சரக்கு என்று எழுதிவிட்டார்.

1921இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவை முறையாகத் தோண்டத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ராக்கல்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவில் தோண்டினார். 1924இல்தான் சிந்து சமவெளி நாகரிகம் பற்றி உலகம் அறிந்தது. இந்த இரண்டு ஊர்களும் இன்று பாகிஸ்தானில் இருக்கின்றன. மொகஞ்சதாரோ ஓரளவு தப்பித்தது. ஹரப்பாவில் மேல் அடுக்குகள் பெரும்பாலும் போய்விட்டன.

தோண்டுவதும் ஒரு படிப்பு

பழைய காலத்து மனிதர்கள் விட்டுச் சென்ற பொருட்களைக் கொண்டு அவர்கள் வாழ்க்கையை அறிவதுதான் தொல்லியல். தொல்பொருள் ஆய்வு என்றும் சொல்வார்கள். இது ஒரே படிப்பு அல்ல. இதற்குள் பல பிரிவுகள் உண்டு. ஒரு வீடு கட்ட வேண்டுமானால் கொத்தனார் வேண்டும், தச்சர் வேண்டும், கொல்லர் வேண்டும். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. தொல்லியலும் அப்படித்தான்.

முதல் வேலை அகழாய்வு. அகழ்தல் என்றால் தோண்டுதல். ஆனால் கிணறு வெட்டுவது போலத் தோண்டுவது இல்லை. நிலத்தைச் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். சின்னக் கொத்துக் கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். ஏன் இவ்வளவு பொறுமை?

மண் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தரையை மீண்டும் மீண்டும் மெழுகுகிறோம். தரை கொஞ்சம் கொஞ்சமாக உயருகிறது. வீடு இடிந்தால் அதன் மேலேயே புது வீடு கட்டுகிறோம். இப்படி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் போனால் அந்த இடம் மேடாகிவிடும். குழியின் சுவரைப் பார்த்தால் பட்டை பட்டையாக மண் தெரியும். ஒரு பட்டை சாம்பல் நிறம். ஒரு பட்டை செம்மண். இவற்றை மண்ணடுக்கு என்பார்கள். கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது. நடுவில் எலி வளையோ குப்பைக் குழியோ புகுந்திருந்தால் கணக்கு மாறிவிடும். அதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஒரு பொருள் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்பது முக்கியம். பானைக்குள் கிடந்த மணி வேறு, வழியில் கிடந்த மணி வேறு. தோண்டிய அடுக்கை மறுபடி வைக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, படம் எடுத்து, எழுதி வைத்த பிறகே அடுத்த அடுக்குக்குப் போவார்கள்.

இனாம்காவ்ன்

மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்தில் இனாம்காவ்ன் என்று ஒரு கிராமம். கோட் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கே 1968 முதல் 1983 வரை புனே டெக்கான் கல்லூரி அறிஞர்கள் தோண்டினார்கள். ஹெச்.டி. சங்காலியா, எம்.கே. தவலிகர், இசட்.டி. அன்சாரி ஆகியோர் இதில் முக்கியமானவர்கள்.

அங்கே அரண்மனை இல்லை. கோவில் இல்லை. தங்கக் குவியல் இல்லை. கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை வாழ்ந்த உழவர்களின் கிராமம் அது. 130க்கும் மேற்பட்ட வீடுகளின் தரைகள் கிடைத்தன. மன்னர்களின் கதை நமக்கு நிறையத் தெரியும். உழுதவர்களின் கதை தெரிவது அபூர்வம். அதனால் இந்த ஊரைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பதில் தவறில்லை.

அந்த ஊர் மக்கள் என்ன சாப்பிட்டார்கள்? இதற்குத் தாவரத் தொல்லியல் என்ற பிரிவு பதில் சொல்கிறது. அடுப்பில் கருகிய தானியம் மக்காது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அதன் வடிவம் இருக்கும். அடுப்பு மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் கரித் தானியம் மேலே மிதக்கும். அதை வடிகட்டி, காயவைத்து, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்ப்பார்கள். இனாம்காவ்னில் கோதுமை, பார்லி, பருப்பு வகைகள், சிறுதானியம், எள் எல்லாம் அடையாளம் கண்டார்கள். நாவல், நெல்லி, இலந்தை கூடக் கிடைத்தன. ஆற்றோரம் கரை கட்டி, வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. தங்கம் கிடைத்தால் பத்திரிகையில் படம் வரும். கருகிய பருப்புக்கு வராது. ஆனால் ஓர் ஊர் எப்படிப் பிழைத்தது என்பதைப் பருப்புதான் சொல்கிறது.

அடுத்தது விலங்குத் தொல்லியல். இந்தப் பிரிவினர் எலும்பைப் பார்த்தே இது மாடா, ஆடா, மானா என்று சொல்லிவிடுவார்கள். மாட்டு வியாபாரி பல்லைப் பிடித்து வயது சொல்வது போல, இவர்களும் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். எலும்பில் கத்தி வெட்டு இருந்தால் இறைச்சிக்காக அறுத்தது என்று தெரியும். இனாம்காவ்னில் மாடு, எருமை, ஆடு, நாய் எலும்புகள் இருந்தன. காட்டு மான், முயல், ஆமை, மீன் எலும்புகளும் இருந்தன.

மூன்றாவது பிரிவு மனித எலும்புகளைப் படிப்பது. இடுப்பு எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அறிவார்கள். பல்லில் உள்ள கோடுகள் சிறு வயதில் பட்ட பட்டினியையும் நோயையும் காட்டும். இனாம்காவ்னில் பெரியவர்களைத் தலை வடக்கே இருக்கும்படி படுக்க வைத்துப் புதைத்தார்கள். பலருக்குக் கணுக்காலுக்குக் கீழே பாதம் இல்லை. புதைக்கும் முன்பே வெட்டியிருக்கிறார்கள். இறந்தவர் எழுந்து நடந்து போய்விடக் கூடாது என்று நினைத்தார்களோ என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

ஊர் நடுவில் ஐந்து அறை கொண்ட பெரிய வீடு ஒன்று. அங்கே தானியக் களஞ்சியமும் இருந்தது. அந்த வீட்டு முற்றத்தில் நான்கு கால் வைத்த பெரிய மண் சாடி. அதற்குள் ஓர் ஆண் சம்மணம் போட்டு உட்கார்ந்த நிலையில் இருந்தார். ஊர்த் தலைவராக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் அந்தச் சின்ன ஊரிலும் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு இருந்திருக்கிறது.

குழந்தைகளின் புதைகுழிகள்தான் மனத்தை உலுக்குபவை. இரண்டு பானைகளை வாயோடு வாய் சேர்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளே பச்சைக் குழந்தையின் எலும்பு. பக்கத்தில் உணவும் நீரும் வைத்த சின்னக் கலயங்கள். எங்கோ காட்டில் அல்ல, வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைத்தார்கள். அப்படிப் பல வீடுகள். மேலே அடுப்பு எரிந்தது. அதே தரையில் தாய் படுத்துத் தூங்கினாள்.

கி.மு. 1000க்குப் பிறகு அந்த ஊரின் நிலை மாறியது. பெரிய சதுர வீடுகளின் இடத்தில் சின்ன வட்டக் குடிசைகள் வந்தன. பானைகளின் அழகு குறைந்தது. உழவு சுருங்கியது. வேட்டை கூடியது. மழை குறைந்ததால் ஊர் வறுமையில் விழுந்தது என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். இந்த முடிவுக்கு ஒரு பிரிவு மட்டும் போதவில்லை. வீட்டைத் தோண்டியவர், விதையைப் பார்த்தவர், எலும்பைப் பார்த்தவர் எல்லோரும் உட்கார்ந்து பேசியபோதுதான் கதை முழுமையானது.

வயது சொல்லும் ஆய்வகம்

"இது 3,000 ஆண்டுப் பழையது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" பலர் கேட்கும் கேள்வி இது.

மரம், தானியம், எலும்பு என்று உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன் இருக்கிறது. அதில் கார்பன் 14 என்று ஒரு வகை மிகச் சிறிய அளவில் உண்டு. உயிர் போனபின் அது குறைந்துகொண்டே வரும். சுமார் 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். இன்னும் 5,730 ஆண்டில் மீதியில் பாதி. எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் இறந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் போடலாம். அமெரிக்காவில் வில்லார்ட் லிபி என்பவர் 1949இல் இந்த முறையைக் காட்டினார். 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய 50,000 ஆண்டு வரை இந்தக் கணக்கு உதவும். அதற்கு மேல் உதவாது.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. அதை அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. 2021இல் தமிழ்நாடு அரசு இதை அறிவித்தது. ஒரு பிடி நெல்தான். கிணறு வெட்டியவர்கள் கரையில் கொட்டிய தானியத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கல்லுக்கும் சுட்ட பானைக்கும் கார்பன் கணக்கு ஆகாது. பானையைக் கடைசியாக நெருப்பில் சுட்டது எப்போது என்று அறிய வேறு முறை உண்டு. இப்போது பழைய எலும்பிலிருந்து மரபணுவையும் எடுக்கிறார்கள். நம் நாட்டின் வெயிலிலும் ஈரத்திலும் அது எளிதில் அழிந்துவிடும். ஹரியானாவில் ராக்கிகடி என்ற சிந்துவெளி ஊரின் எலும்புகளில் 60க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒரே ஒரு பெண்ணின் எலும்பு மட்டும் பலன் தந்தது. அந்த முடிவு 2019இல் வெளிவந்தது.

எழுத்து இருந்த காலம், இல்லாத காலம்

காலத்தை வைத்தும் தொல்லியலைப் பிரிப்பார்கள். எழுத்தே இல்லாத காலம் ஒன்று. அது வரலாற்றுக்கு முந்திய காலம். அப்போது கல்தான் கருவி. 1863இல் ராபர்ட் புரூஸ் புட் என்பவர் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அதிலிருந்து வளர்ந்தது. பார்ப்பவர்களுக்கு அது வெறும் கூழாங்கல். கை பட்டுச் செதுக்கிய கல் எது, தானாக உடைந்த கல் எது என்று பிரிப்பதே இவர்கள் திறமை.

எழுத்து உண்டு, ஆனால் படிக்க முடியவில்லை என்பது இன்னொரு வகை. சிந்துவெளி இந்த வகை. அந்த எழுத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் யாரும் படிக்கவில்லை.

எழுத்தைப் படிக்க முடிந்த காலம் மூன்றாவது. இங்கே கல்வெட்டியல் வருகிறது. கல்வெட்டியல் அறிஞர் மண்ணைத் தோண்டுவதில்லை. பாறையிலும் செப்பேட்டிலும் உள்ள எழுத்தைப் படிப்பார். ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை தடவி எழுத்தைப் பெயர்த்தெடுப்பார். அதற்கு மைப்படி என்று பெயர்.

எழுத்து மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 14ஆம் நூற்றாண்டில் டில்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் அசோகரின் கல்தூண்களைப் பெரும் பாடுபட்டு டில்லிக்குக் கொண்டு வந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பண்டிதர்களைக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. அந்தப் பண்டிதர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்தான்! ஆனாலும் அந்தத் தூணுக்கு முன்னால் அவர்கள் எழுத்தறியாதவர்களாகவே நின்றார்கள். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அந்த பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினார்.

காசுகளைப் படிப்பது நாணயவியல். தென்னிந்தியாவில் பல இடங்களில் ரோமாபுரிக் காசு கிடைக்கிறது. கடல் கடந்து வணிகம் நடந்ததற்கு அது சாட்சி.

நீருக்குள்ளும் நீருக்கு முன்னும்

பழைய ஊர்களும் துறைமுகங்களும் சில நேரம் கடலுக்குள் போய்விடுகின்றன. மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு கடலடியில் தேடுபவர்கள் கடல்சார் தொல்லியலார். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1980களில் இந்த வேலையைத் தொடங்கியது. எஸ்.ஆர். ராவ் இதற்கு வழிகாட்டினார். குஜராத்தின் துவாரகைக் கடலிலும், தமிழ்நாட்டின் பூம்புகார்க் கடலிலும் தேடினார்கள். துவாரகையில் துளையிட்ட கல் நங்கூரங்கள் நிறையக் கிடைத்தன. அங்கே உள்ள கற்கட்டுகளின் வயது பற்றி அறிஞர்களிடம் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கடலில் அலை மண்ணைக் கலைத்துவிடுகிறது. அடுக்கு பார்த்து வயது சொல்வது கடினம்.

இன்னொரு பிரிவு அவசரக்காரப் பிரிவு. அணை, சாலை, சுரங்கம் வரும் இடத்தில் உள்ளதை அழியும் முன் காப்பாற்றுவது. இதை மீட்பு அகழாய்வு என்று சொல்லலாம். கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை கட்ட 1955இல் வேலை தொடங்கியது. அணைக்குள் மூழ்க இருந்த பள்ளத்தாக்கில்தான் நாகார்ஜுனகொண்டா இருந்தது. இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரம், பௌத்த விகாரங்கள், கற்கால மனிதர் தங்கிய இடங்கள் எல்லாம் அங்கே. உழவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். அதை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? 1954 முதல் 1960 வரை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் இரவு பகலாகத் தோண்டினார்கள். முக்கியமான சில கட்டடங்களைப் பிரித்தெடுத்து, மலை உச்சியில் மீண்டும் கட்டினார்கள். அந்த மலை உச்சி இப்போது தீவு. படகில் போய் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். மீதி தண்ணீருக்கு அடியில்.

உயிரோடு இருப்பவர்களிடம் கேட்பது

செத்தவர்களின் பொருளைப் புரிந்துகொள்ள, உயிரோடு இருக்கும் தொழிலாளியிடம் போய்க் கற்பதும் உண்டு. இது இனத் தொல்லியல். குஜராத்தில் கம்பாத் என்ற ஊர். அங்கே இன்றும் கல்மணி செய்கிறார்கள். மங்கலான கல்லை மெதுவாகச் சூடேற்றினால் செக்கச் சிவந்த சூதுபவளம் ஆகிறது. பிறகு தட்டி, தேய்த்து, துளையிடுகிறார்கள். சிந்துவெளி மக்களின் மணிகளும் இதே போன்றவை. ஆய்வாளர்கள் அந்தக் கைவினைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள். எந்தச் சில்லு எந்த வேலையில் தெறிக்கிறது என்று அறிந்தார்கள். அதே மாதிரிச் சில்லு பழைய ஊரில் கிடைத்தால், அது மணிப் பட்டறை என்று சொல்ல முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கல்தூசி மூச்சில் போய் நுரையீரலைக் கெடுக்கிறது. சிலிகோசிஸ் என்ற அந்த நோயால் கம்பாத் தொழிலாளர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். மணிக்கு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. மணி செய்பவருக்கு நல்ல முகமூடி கூடக் கிடைப்பதில்லை.

மண்வெட்டி மோதினால்

மறுபடி கிணற்றுக்கு வருவோம். பானை தெரிந்ததும் என்ன செய்யலாம்?

வெட்டுவதை நிறுத்தலாம். பானையை வெளியே தூக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டவோ கழுவவோ வேண்டாம். கருகிய தானியம் அந்த மண்ணில்தான் இருக்கும். ஒரு கோணியை மேலே போட்டு மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லலாம். தேதி போட்டு எழுதிக் கொடுப்பது நல்லது. எழுதக் கற்றுக்கொண்டவர்களுக்கு அது பெரிய காரியம் இல்லை.

"சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களே?" இந்தப் பயம் பலருக்கு உண்டு. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டுமானால், முதலில் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபணை இருந்தால் அதற்குள் எழுதித் தெரிவிக்கலாம். இது 1958ஆம் ஆண்டுச் சட்டம். தோண்டி முடித்தபின் குழிகளை மூடி நிலத்தை உரியவரிடமே விட்ட இடங்களும் பல உண்டு.

பொன்னோ வெள்ளியோ கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவருக்குச் சட்டப்படி பங்கு உண்டு. மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம். இரவோடு இரவாக வந்து, ரொக்கம் கொடுத்து, யாரிடமும் சொல்லாதே என்று வாங்கிப் போகும் வியாபாரி இந்தச் சட்டத்தைப் பற்றி ஒருபோதும் சொல்ல மாட்டார்.